அருவியிலிருந்து அலைபேசிக்கு: செயலி செய்யும் முறைகளின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்து பார்த்தார். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது சென்னையில் அலைபேசிச் செயலிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"தினமும் காலையில பதினஞ்சு நிமிஷம் எல்லாரும் நின்னுக்கிட்டே பேசுவோம் சார். நேத்து என்ன செஞ்சேன், இன்னிக்கு என்ன செய்யப் போறேன், எங்க சிக்கிக்கிட்டு நிக்கிறேன். மூணே கேள்விதான்."

"நம்ம காலை வழிபாட்டுக் கூட்டம் மாதிரியா? சரி, ஏன்பா நின்னுக்கிட்டே?"

"உக்காந்தா கூட்டம் முடியாது சார்."

சிரித்துவிட்டேன். இதையெல்லாம் யார், எப்போது, எதற்காகத் தொடங்கினார்கள் என்று கேட்டேன். "எங்க கம்பெனியில அப்படித்தான் சார்" என்பதுதான் பதில். நாற்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. அவர் கிளம்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் புரிந்ததை எளிமையாகச் சொல்கிறேன். கணினி தெரியாதவர்களும் படிக்கலாம்.

கதை 1950-களில் தொடங்குகிறது. அமெரிக்கா எதிரி விமானங்களைக் கண்டறிய 'சேஜ்' என்ற மாபெரும் கணினி அமைப்பைக் கட்டியது. அதில் பணியாற்றிய ஹெர்பர்ட் பெனிங்டன், இவ்வளவு பெரிய மென்பொருளை எப்படிப் படிப்படியாகச் செய்தோம் என்று 1956-ல் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தார். முதலில் என்ன வேண்டும் என்று எழுது, பிறகு வடிவமை, பிறகு நிரல் எழுது, பிறகு சோதி. வீடு கட்டும் முறைதான். வரைபடம், அஸ்திவாரம், சுவர், கூரை. கூரை போட்ட பிறகு அஸ்திவாரத்தைத் தள்ளி வை என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா? அன்றைய கணினி நேரம் பொன்னுக்குச் சமம். துளையட்டைகளில் நிரலைக் குத்தி, முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். எழுதுவதற்கு முன் பத்து முறை யோசிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் மென்பொருள் வீடு போல அடங்கவில்லை. திட்டங்கள் சொன்ன தேதிக்கு முடியவில்லை. செலவு எகிறியது. முடிந்ததும் பிழையோடு வந்தது. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு ஒரு மாநாடு கூட்டியது. 11 நாடுகளிலிருந்து 50-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவலானது அங்கிருந்துதான். மென்பொருள் துறை நெருக்கடியில் இருக்கிறது என்பதை வெளிப்படையாகப் பேசியதும் அங்கேதான்.

அடுத்து வருவதுதான் இந்தக் கதையிலேயே என்னை அதிகம் பாதித்த இடம்.

1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் பெரிய மென்பொருள்களை நிர்வகிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விண்கலத் திட்டங்களுக்கு மென்பொருள் செய்த அனுபவம் உள்ளவர். கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு படம் இருக்கிறது. தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று பெட்டிகள் படிக்கட்டு போல ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். அருவியில் நீர் விழுவது போல. பின்னால் வந்தவர்கள் இதற்கு 'அருவி முறை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ராய்ஸ் தன் கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை.

அதைவிட முக்கியம், அந்தப் படத்தைக் காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்பது. இப்படியே செய்தால் ஆபத்து, தோல்விக்கு வழி என்றுதான் சொன்னார். சோதனை கடைசியில் வருவதால், அடிப்படைத் தவறு கடைசியில்தான் தெரியும், அப்போது எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும் என்று விளக்கினார். அதனால் முதலில் சிறியதாக ஒரு முறை செய்து பார், பிறகு உண்மையானதைச் செய், வாடிக்கையாளரை இடையிடையே சேர்த்துக்கொள் என்று மீதிப் பக்கங்களில் மருந்து சொன்னார். உலகம் நோயின் படத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு மருந்துப் பக்கங்களை விட்டுவிட்டது! கேள்வித்தாளில் 'தவறான விடையைக் கண்டுபிடி' என்று கொடுத்ததை, சரியான விடை என்று மனப்பாடம் செய்த பிள்ளையைப் போல.

பெனிங்டனுக்கும் இதே கதைதான். அவருடைய 1956 கட்டுரை 1983-ல் மறுபதிப்பானபோது அவரே முன்னுரை எழுதினார். உண்மையான சேஜ் நிரலுக்கு முன்னால் நாங்கள் ஒரு சோதனை மாதிரியைச் செய்து பார்த்திருந்தோம், கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்ற பொருளில் எழுதியிருந்தார்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1985-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட மென்பொருள் விதிமுறை, அருவி முறையைப் பின்பற்றச் சொல்வதாகவே எல்லோராலும் படிக்கப்பட்டது. அரசு ஒப்பந்தம் வேண்டுமா, அந்த வரிசைப்படி ஆவணம் கொடு. கோப்புகள் மலையாகக் குவிந்தன. 1994-ல்தான் அந்த விதிமுறையை மாற்றி, வேறு வழிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு படத்தைத் தவறாகப் படித்ததற்குக் கொடுத்த விலை எத்தனை திட்டங்கள், எத்தனை மனித ஆண்டுகள் என்று யாராலும் கணக்கிட முடியாது.

மாற்று வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1986-ல் தகேயுச்சி, நொனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்டு வணிக இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனான், ஃபூஜி-ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் புதிய பொருள்களை எப்படி விரைவாகக் கொண்டுவருகின்றன என்று ஆராய்ந்தார்கள். தொடர் ஓட்டத்தில் கட்டையை ஒருவர் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடுவது போல அங்கே வேலை நடக்கவில்லை. ரக்பி ஆட்டத்தில் குழுவே சேர்ந்து பந்தோடு முன்னேறுவது போல நடந்தது என்றார்கள். கவனியுங்கள், அவர்கள் எழுதியது கார், கேமரா, நகலெடுக்கும் இயந்திரம் பற்றி. மென்பொருள் பற்றி அல்ல.

அந்த ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் பிணைந்து நிற்பதற்கு 'ஸ்க்ரம்' என்று பெயர். 1993-ல் ஜெஃப் சதர்லேண்ட் தன் மென்பொருள் குழுவில் இந்த முறையைப் புகுத்தினார். 1995-ல் அவரும் கென் ஷ்வேபரும் அதை ஒரு மாநாட்டில் முறையாக முன்வைத்தார்கள். வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரித்துக்கொள்வது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓடக்கூடிய ஒன்றைக் காட்டுவது, தினமும் சிறு கூட்டம். என் மாணவர் சொன்ன மூன்று கேள்விகளின் ஊற்று இதுதான்.

அதே காலத்தில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருளைச் சீர்செய்ய கென்ட் பெக் அழைக்கப்பட்டார். அவர் செய்த ஏற்பாடுகளில் ஒன்று, அந்த மென்பொருளால் வேலை செய்யப்போகிறவர் ஒருவர் நிரலர்களோடு கூடவே இருக்க வேண்டும் என்பது. சந்தேகம் வந்தால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம், திரும்பிக் கேட்டால் போதும். இரண்டு பேர் ஒரே கணினியில் சேர்ந்து எழுதுவது, சோதனையை முதலில் எழுதிவிட்டு நிரலைப் பிறகு எழுதுவது ஆகியவையும் உண்டு. 1997-ல் அந்த மென்பொருள் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் போடத் தொடங்கியது. ஆனால் 2000-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. எனவே மந்திரக்கோல் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். பெக், சதர்லேண்ட், ஷ்வேபர் எல்லோரும் அதில் உண்டு. பல கருத்து வேறுபாடுகளோடு வந்தவர்கள், நான்கு விழுமியங்களில் ஒன்றுபட்டுக் கையொப்பமிட்டார்கள். விதிமுறைகளைவிட மனிதர்கள், ஆவணக் குவியலைவிட ஓடும் மென்பொருள், ஒப்பந்த வாதத்தைவிட வாடிக்கையாளரோடு கூட்டுறவு, போட்ட திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது. சுருக்கம் இவ்வளவுதான். இதற்கு 'அஜைல்' என்று பெயரிட்டார்கள். சுறுசுறுப்பு, வளைந்து கொடுத்தல் என்று பொருள் கொள்ளலாம்.

இனி அலைபேசிக்கு வருவோம்.

2004-ல், தொடுதிரை அலைபேசிகள் பரவுவதற்கு முன்பே, பின்லாந்தின் வி.டி.டி. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பெக்கா ஆப்ரஹாம்சனும் உடன் பணியாற்றியவர்களும், அலைபேசிச் செயலிகளுக்கென்றே 'மொபைல்-டி' என்ற முறையை வெளியிட்டார்கள். நோக்கியாவின் நாடு என்பதால் அங்கே பிறந்ததில் வியப்பில்லை. 10 பேருக்கும் குறைவான குழு, எல்லோரும் ஒரே இடத்தில், 10 வாரத்துக்குள் முழுதாக ஓடும் செயலி. ஆராய்தல், தொடங்குதல், உருவாக்குதல், நிலைப்படுத்துதல், சோதித்துத் திருத்துதல் என்று ஐந்து கட்டங்கள்.

கணினிக்கு இருக்கும் முறை அலைபேசிக்குப் போதாதா என்று கேட்கலாம். அலைபேசியில் திரை சிறியது. மின்கலம் தீர்ந்துவிடும். வலைத்தொடர்பு வரும், போகும். ஒரே செயலி நூறு விதமான கருவிகளில் ஓட வேண்டும். மேசை முன் உட்கார்ந்து நிதானமாகப் பயன்படுத்தும் பொருளும் அல்ல. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலால் அழுத்துவது. அலுவலகத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி முடிக்க முடியாது. மக்கள் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2007-ல் ஐபோன் வந்தபோது வெளியார் அதற்கான தனிச்செயலிகளைச் செய்ய வழி இல்லை. 2008 ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோர் சுமார் 500 செயலிகளோடு திறந்தது. முதல் வார இறுதியிலேயே ஒரு கோடிப் பதிவிறக்கங்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டின் கடையும் திறந்தது. இதன் பிறகு எல்லாமே மாறியது. முன்பு மென்பொருளைத் திருத்த வேண்டுமானால் புதிய குறுந்தகடு அனுப்ப வேண்டும். இப்போது இரவு தூங்கி எழுவதற்குள் கோடிப்பேர் சட்டைப்பையில் திருத்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பயனாளரும் சும்மா இருப்பதில்லை. பிடிக்காவிட்டால் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு அழித்துவிடுவார். அஜைல் முறை அலைபேசிச் செயலிகளில் வேரூன்றியதற்கு இது பெரிய காரணம்.

இந்த இடத்தில் இரண்டு செயலிகளை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது இன்ஸ்டாகிராம். கெவின் சிஸ்ட்ரம் முதலில் செய்தது 'பர்பன்' என்ற வேறொரு செயலி. எங்கே இருக்கிறோம் என்று நண்பர்களுக்குத் தெரிவிப்பது அதன் நோக்கம். படம் பகிரும் வசதியும் ஒரு ஓரத்தில் இருந்தது. பயன்படுத்தியவர்களைக் கவனித்தபோது, மற்ற வசதிகளைவிடப் படம் பகிர்வதில்தான் அவர்களுக்கு விருப்பம் என்று தெரிந்தது. சிஸ்ட்ரமும் மைக் க்ரீகரும் படம், கருத்து, விருப்பம் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிந்தார்கள். சுமார் எட்டு வாரத்தில் புதிதாகச் செய்து 2010 அக்டோபர் 6 அன்று வெளியிட்டார்கள். முதல் நாளே 25,000 பேர் சேர்ந்தார்கள்.

இரண்டாவது, 2020 பிப்ரவரி 3. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களை நடத்தியது. 1,600-க்கும் மேற்பட்ட வட்டாரங்களின் முடிவுகளை அனுப்ப ஒரு அலைபேசிச் செயலி செய்திருந்தார்கள். அதையும் இரண்டு மாத அளவில்தான் அவசரமாகச் செய்தார்கள். கடையின் வழக்கமான வழியாக அது வரவில்லை. சோதனைச் செயலிகளுக்கான தனி வழியில் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மாநிலம் முழுவதற்குமான சரியான ஒத்திகை நடக்கவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. கூட்டங்களை நடத்திய தன்னார்வலர்களில் பலர் என் வயதுக்காரர்கள். பலருக்குச் செயலியை இறக்கவோ உள்நுழையவோ முடியவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அந்த இணைப்புகளும் திணறின, மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்த எண்களும் நிரல் பிழையால் அரைகுறையாகவே மறுமுனையில் தெரிந்தன. அன்றிரவு முடிவே வரவில்லை. முழு முடிவும் வர மூன்று நாள் ஆனது. காகிதச் சீட்டுகள் கையில் இருந்ததால் சரிபார்க்க முடிந்தது.

அங்கேயும் எட்டு வாரம், இங்கேயும் ஏறத்தாழ எட்டு வாரம். வேகம் ஒன்றுதான். ஒன்று பிழைத்தது, மற்றொன்று கவிழ்ந்தது ஏன்? இன்ஸ்டாகிராமின் எட்டு வாரத்துக்கு முன்னால் பர்பனை மக்கள் கையில் கொடுத்துக் கற்ற பாடம் இருந்தது. அயோவாவில் அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் செயலியோடு மல்லுக்கட்டிய முதல் நாளே தேர்வு நாளாகவும் இருந்தது. சோதனை கடைசியில் வந்தது. ராய்ஸ் 1970-ல் எச்சரித்த அதே தவறு, அலைபேசி அளவுக்குச் சுருங்கி, வேகமாக ஓடி வந்து விழுந்தது. சீக்கிரம் செய்வது வேறு, சீக்கிரம் காட்டுவது வேறு.

நம் ஆசிரிய நண்பர்களுக்கு இது புதிதல்ல. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று படித்தோமே? இந்தப் பிரிவைக் கல்வி உலகுக்குக் கொடுத்தவர் மைக்கேல் ஸ்க்ரிவன், 1967-ல். கார்மிஷ் மாநாட்டுக்கு முந்தைய ஆண்டு. பாடம் நடக்கும்போதே பிள்ளைக்கு எங்கே புரியவில்லை என்று பார்த்துத் திருத்துவது வளரறி. பருவக் கடைசியில் பரீட்சை வைத்து மதிப்பெண் போடுவது தொகுத்தறி. தமிழ்நாட்டில் 2012-13-ல் முப்பருவ முறையோடு இது எட்டாம் வகுப்பு வரை வந்தது. வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60. எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை முறை பருவக் கடைசியில் ஒரே நாளில் உட்கார்ந்து அந்த 40-ஐப் பதிவேட்டில் நிரப்பினோம்? நானும் நிரப்பியிருக்கிறேன். மறைக்க மாட்டேன்.

அஜைலுக்கும் அதே கதி நேர்ந்தது. ஸ்னோபேர்டில் கையொப்பமிட்ட 17 பேரில் ஒருவரான டேவ் தாமஸ், 2014-ல் 'அஜைல் செத்துவிட்டது' என்றே தலைப்பிட்டு எழுதினார். அந்தச் சொல் விற்பனைச் சரக்காகிவிட்டது என்பது அவர் வருத்தம். சான்றிதழ் வகுப்புகள், பட்டங்கள், வண்ணச் சீட்டுகள், நின்றுகொண்டே பேசும் கூட்டம், எல்லாம் இருக்கும். பயனாளர் மட்டும் இருக்க மாட்டார்.

அந்தப் பயனாளராக நானும் இருந்திருக்கிறேன். பணியின் கடைசி ஆண்டுகளில் வருகைப்பதிவுக்கு ஒரு செயலி கொடுத்தார்கள். எந்தச் செயலி, யார் செய்தது என்பது இப்போது வேண்டாம். எங்கள் பள்ளியில் சமையல்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். காலை ஒன்பதரைக்கு எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் அழுத்துவதால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் மரத்தடியில், பிள்ளைகள் வகுப்பில். பதிவு போகாத நாள்களில், முன் வரிசையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகள் எல்லாம் கணக்கில் 'வரவில்லை'. கருவியிலேயே சேமித்துவைத்து, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பும் வசதி பிறகு ஒரு புதுப்பித்தலில் வந்தது. பெரிய கண்டுபிடிப்பு அல்ல. தொடக்கத்திலேயே யாராவது ஒரு நாள் எங்கள் வேப்பமரத்தடிக்கு வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் என் மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ராய்ஸ் கதையைச் சொன்னேன், அயோவாவைச் சொன்னேன். கடைசியில் ஒன்று கேட்டேன். "தம்பி, உங்க செயலியைப் பயன்படுத்துற ஒருத்தரையாவது நேர்ல பார்த்திருக்கியா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இல்ல சார். மூணு வருஷமா செய்யறோம். ஒருத்தரையும் பார்த்ததில்ல. அடுத்த கூட்டத்துல நாலாவது கேள்வியா இதைக் கேக்கறேன் சார்" என்றார்.

கேட்கட்டும். ஐந்தாம் வகுப்பிலேயே கேள்வி கேட்கும் பிள்ளைதான் அவர்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தத் துறையில் இருப்பார்கள். இதை அவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள். நான் எங்காவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தயங்காமல் திருத்தச் சொல்லுங்கள். கடைசியில் திருத்துவதைவிட இப்போதே திருத்துவது நல்லது.